சிப்பியின் உடலில் தங்கும் எண்ணெய்க்கு யார் கணக்குச் சொல்வது?

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் அரபிக்கடலில் மூழ்கிய லைபீரியக் கொடிக் கப்பலான எம்.எஸ்.சி. எல்சா 3இல் 640 கொள்கலன்கள் மட்டுமல்ல, 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் இருந்தன. கொல்லம் கரையில் கொள்கலன்கள் ஒதுங்கியபோது குவிந்த கேமராக்கள் எப்போதோ கிளம்பிவிட்டன. படலம் மறைந்தால் கேடும் மறைந்தது என்பது கப்பல் முதலாளிகளுக்கு உகந்த வாதம்.

மட்டியின் உடல் அவ்வாதத்தைப் பொய்யாக்குகிறது. மீனால் எண்ணெயை விட்டு விலகி நீந்த முடியும். அதன் ஈரல் நச்சுச் சேர்மங்களைப் பெருமளவு சிதைத்து வெளியேற்றும். மட்டிக்கும் கல்லுமக்காய்க்கும் முதலாவது இயலாது. இரண்டாவது மிகக் குறைவு. இருந்த இடத்திலேயே நீரை வடிகட்டி உண்ணும் உயிர்கள் அவை. எண்ணெயின் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் அவற்றின் திசுக்களில் சேர்கின்றன. செல்லுக்குள் செரிமானம் நடத்தும் நுண்பைகளின் சவ்வு நைகிறது, உணவு குறைகிறது, கல்லுமக்காய் பாறையைப் பற்றும் நார் தளர்கிறது. எண்ணெய் தோய்ந்த இளவுயிரிகளுக்கோ வெயிலே நஞ்சைக் கூட்டுகிறது. சேற்றில் புதைந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கசியும்.

நீண்டகரை முகத்துவாரத்துக்கு உள்ளேதான் அஷ்டமுடிக் காயல். நீடித்த மீன்பிடிப்புக்கான சர்வதேசச் சான்றை 2014இல் இந்தியாவிலேயே முதலில் பெற்றது இக்காயலின் மட்டித்தொழில். (சான்று தந்த அமைப்பின் சுருக்கப் பெயரும் எம்.எஸ்.சி.தான், ஒற்றுமை பெயரோடு சரி.) இங்கு எண்ணெய் சேர்ந்ததா, எவ்வளவு என்பதை ஒருமுறை மாதிரி எடுத்துச் சொல்லிவிட முடியாது.

கேரள அரசு கோரிய இழப்பீடு ரூ.9,531 கோடி. உயர் நீதிமன்றம் நிர்ணயித்த பிணைத்தொகை ரூ.1,227.62 கோடி. இதற்கும் மேல் ஒரு கவசம் கப்பல் மூலதனத்துக்கு உண்டு: கடல்சார் சட்டப்படி உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு கேட்கலாம். அந்த வரம்பை அளப்பது நாசத்தின் அளவு அல்ல, கப்பலின் டன்னேஜ்! ஆலை முதலாளி தன் கட்டடத்தின் பரப்பளவைக் காட்டி, இறந்த தொழிலாளிக்கு இவ்வளவுதான் என்று பேரம் பேசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பதிவுபெற்ற விசைப்படகை எண்ணுவது எளிது. சிறுதோணியில் சென்று மூழ்கி மட்டி அள்ளுபவரும், அதை வேகவைத்துச் சதை பிரிக்கும் பெண்களும் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? இழப்பீட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏற வேண்டும். மட்டிப் படுகைகளில் பல ஆண்டுகளுக்குப் பருவந்தோறும் திசுச் சோதனை நடத்தி முடிவுகளை மலையாளத்தில் வெளியிட வேண்டும். செலவு கப்பல் நிறுவனத்தின் தலையில். டன்னேஜ் வரம்பை ஒன்றிய அரசு கைவிடும்வரை இக்கோரிக்கையை மீனவர் சங்கங்களோடு சேர்ந்து நாம் எழுப்பியாக வேண்டும்.