அச்சம் செவிவழி வரும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

பேய் உண்டா, இல்லையா என்னும் வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதனைப் பட்டிமன்றத்தார் பார்த்துக்கொள்வர். பேய்ப்படம் உண்டு; அதற்கு முன்னோட்டமும் உண்டு; அம்முன்னோட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று துடிக்கின்ற குழு நம் கல்லூரியில் மரத்தடிக்கு ஒன்றேனும் உண்டு. இம்மூன்றிலும் எவருக்கும் ஐயமிராது. அக்குழுக்களுள் ஒன்றில் நானும் இருந்தேன். பட்டதைச் சொல்லவே பேனாவை எடுத்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். அச்சமூட்டும் படத்திற்கு விலையுயர்ந்த ஒளிப்பதிவுக் கருவிதான் முதல் தேவை என்று நம் மாணவர்கள் எண்ணுவது பெரும்பிழை. முதலில் வேண்டுவது நல்ல ஒலி. அடுத்து வேண்டுவது இருளைப் பற்றிய அறிவு. கருவி அதற்கும் அடுத்தபடியே. இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. நண்பன் ஒருவனின் தேர்வுக் கட்டணத்தை இழந்து அறிந்தேன்.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான குறும்படப் போட்டி ஒன்றிற்காக ஒன்றரை நிமிட முன்னோட்டம் எடுக்க முடிவு செய்தோம். குழுவில் ஒன்பது பேர். கதை எங்களுடையதே. இரவில் பூட்டிய நூலகம். வாசிப்பறையில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் நாள்தோறும் இடம் மாறிக் கிடக்கின்றது. நூல் வழங்கும் பதிவேட்டில் என்றோ இறந்துபோன ஒருவரின் கையெழுத்து புதிய மையில் காணப்படுகின்றது. கதை நன்றாகவே இருந்தது. இன்றும் அதில் எனக்குக் குறை தோன்றவில்லை.

குறை எங்கே புகுந்தது தெரியுமா? 'நம்மிடம் கைபேசிதானே இருக்கின்றது' என்று ஒருவன் சொன்ன இடத்தில் புகுந்தது. வாடகைக்குக் கருவி எடுப்பது என்று பேச்சு எழுந்தது. நான் மறுத்தேன். அப்போது ஒரு நண்பன் சொன்னான்: "அரசுக் கல்லூரிப் பையன்கள் என்றாலே இவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் முன்னால் மங்கலான படத்தைக் கொண்டுபோய்ப் போடச் சொல்கிறாயா? ஊமை விழிகள் எடுத்தவர்களும் மாணவர்கள்தானே? அவர்கள் சின்னத் திரைக்கா எடுத்தார்கள்?"

அவன் சொல்லில் வீம்பில்லை; வலி இருந்தது. அதனால் எவராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய 'ஊமை விழிகள்' 1986-இல் அகன்ற திரையில் வெளிவந்து வென்றது உண்மையே. ஆனால் அவர்கள் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் அக்கலையைக் கற்றவர்கள். நாங்களோ கருவியை எடுத்தால் கலை தானே வந்துவிடும் என்று நம்பியவர்கள். இவ்வேறுபாடு அன்று எனக்குத் தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன்.

இரண்டு நாள் வாடகை 7,000 ரூபாய். விளக்குகளுக்கு 1,500. ஆளுக்கு ஆயிரம் என்று கணக்கிட்டும், மூவரால் கொடுக்க இயலவில்லை. இரவில் பரோட்டாக் கடையில் வேலை செய்து படிக்கின்ற ஒரு நண்பன், தேர்வுக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தையும் சேர்த்து 3,000 கொடுத்தான். பரிசுப் பணம் வந்ததும் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. வராத பரிசைக் கணக்கில் வரவு வைத்த வரலாற்று மாணவர்கள் நாங்கள்!

படம் பிடித்தோம். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், தாழ்வாரத்தின் கோடியில் ஓர் உருவம். கணினியில் போட்டுப் பார்த்தால், தாழ்வாரக் காட்சி முழுவதிலும் கரிய பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தன. பேயே வந்து கெடுத்துவிட்டதோ என்று ஒருவன் கேட்டான். பேயன்று, மின்சாரம். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதில் எரிகின்ற மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. நம் கண் அதனைக் காண்பதில்லை, கருவி காண்கின்றது. ஒளியை உள்ளே விடுகின்ற நேரத்தை ஐம்பதில் ஒரு பங்கு நொடி அல்லது நூறில் ஒரு பங்கு நொடி என்று வைத்திருந்தால் பட்டைகள் மறைந்திருக்கும். நாங்கள் அறுபதில் ஒரு பங்கில் வைத்திருந்தோம். ஓர் எண்ணைத் திருப்பி வைக்கும் அறிவிற்கு வாடகை இல்லை. அது எங்களிடம் இல்லை, அவ்வளவே.

பட்டை விழாத காட்சிகளைக் கோத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த 'திகில் ஒலித்தொகுப்பு' ஒன்றைப் பின்னணியில் இட்டோம். அதில் ஓநாய் ஊளையிட்டது. தேவாலய மணி அடித்தது. இடி இடித்தது. எங்கள் ஊரில் ஓநாயைக் கண்டவர் எவருமிலர். போட்டி நாளில் எங்களுக்கு முன் திரையிடப்பட்ட வேறொரு கல்லூரியின் முன்னோட்டத்திலும் அதே ஓநாய், அதே இடத்தில் மூச்சு வாங்கி, அதே ஊளையை இட்டது. எங்கள் ஓநாய் இரண்டாவதாக வந்தபோது அரங்கம் சிரித்தது. பேய் தோன்றும்போது சிரிப்பு அடங்கவில்லை.

நண்பன் தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாள் கழித்து அபராதத்துடன் கட்டினான். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதன்பின் ஒரு மாத காலம், உலகில் பேய்ப்படம் எடுத்தவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று தேடிப் படித்தேன். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் வெளியிட்ட 'சைக்கோ'வின் முன்னோட்டத்தைப் பாருங்கள். ஆறு நிமிடத்திற்கும் மேல் ஓடுகின்றது. ஹிட்ச்காக் தாமே ஒரு வழிகாட்டியைப் போல விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகின்றார். இங்கேதான் அது நடந்தது என்கின்றார். சொல்ல வந்ததை முடிக்காமல் நகர்கின்றார். இறுதியில் குளியலறைத் திரையை விலக்குகின்றார், ஓர் அலறல். அலறும் முகம் படத்தில் அக்காட்சியில் நடித்த ஜேனட் லீயுடையதுகூட அன்று; வேரா மைல்ஸ் என்னும் மற்றொரு நடிகையுடையது! படத்தின் காட்சி எதனையும் காட்டாமலே முன்னோட்டம் முடிந்துவிடுகின்றது. படத்திலோ, கத்தி உடலில் இறங்குகின்ற ஓசைக்காக முலாம்பழத்தைக் குத்தி ஒலிப்பதிவு செய்தார்கள். பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு அமைத்த இசையை நிறுத்திவிட்டு அக்காட்சியைப் பாருங்கள். குளியலறையில் ஏதோ கைகலப்பு என்று தோன்றும்.

மற்றொருவர் சாம் ரைமி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இளைஞர். பெரிய படம் எடுக்கப் பணமில்லை. 1978-இல் நண்பர்களுடன் சேர்ந்து 'வித்தின் தி வுட்ஸ்' என்னும் சிறுபடத்தைச் சூப்பர் 8 என்னும் சிறிய படச்சுருளில் எடுத்தார். செலவு ஏறத்தாழ 1,600 டாலர். அதனை ஊரிலிருந்த மருத்துவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் போட்டுக் காட்டி, அவர்களிடம் திரட்டிய பணத்தில் எடுத்ததுதான் 1981-இல் திரையிடப்பட்ட 'தி ஈவில் டெட்'. அப்படத்தில் காட்டினூடே விரைந்து வரும் கண்ணுக்குத் தெரியாத தீய ஆவியை எப்படிக் காட்டினார்கள்? ஒரு மரப்பலகையின் நடுவில் கருவியைப் பிணைத்து, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பேய் திரையில் இல்லை; பேயின் பார்வை மட்டுமே இருக்கின்றது. நம் ஊரில் தச்சுப் பட்டறைக்குப் போனால் அப்பலகையைச் சும்மாவே கொடுப்பார்கள்.

இடையே ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் 'டிரெய்லர்' என்றால் பின்னால் தொடர்வது என்று பொருள். தொடக்க நாளில் அவற்றைப் படம் முடிந்த பின்னர்க் காட்டியதால் வந்த பெயர். நாம் அதற்கு முன்னோட்டம் என்று பெயரிட்டோம். பெயரளவிலேனும் நாம் முந்திவிட்டோம்!

இனி எங்கள் இரண்டாம் முயற்சி. இம்முறை எவரிடமும் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை என்று உறுதி கொண்டோம். கைபேசியின் குறை எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன் ஒளியுணரி மிகச் சிறியது. இருட்டில் அது தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள முயன்று, கருமை முழுவதையும் புள்ளி புள்ளியாகக் கொதிக்கச் செய்துவிடும். பெரிய கருவிக்கு இக்குறை குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருட்டை இருட்டில்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? கதிரவன் மறைந்த பின் அரைமணி நேரம், கருக்கல் வேளையில், வானம் தெரியாதபடி கோணம் வைத்து, ஒளியளவைக் கையாலே குறைத்துப் பூட்டிவிட்டு எடுத்தோம். நடு இரவு கிடைத்தது. கைவிளக்கின் முன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினோம். கூசும் ஒளி நிலவொளியாயிற்று.

ஒலிக்குத்தான் உண்மையான உழைப்பு. நூலகக் காட்சிக்கு எந்த ஒலி வேண்டும் என்று மூன்று நாள் வாதாடினோம். பல்லி, உடுக்கை, ஆந்தை எல்லாம் வந்து போயின. விடுமுறைக்கு அப்பத்தா வீட்டிற்குச் சென்றிருந்தபோது விடியற்காலையில் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. அப்பத்தாதான் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த எனக்கு ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது. கிணறே இல்லாத ஒரு கட்டடத்தில், பூட்டிய அறைக்குள், யாரோ நீர் இறைக்கின்ற ஒலி கேட்டால்?

மறுநாள் விடியற்காலையில் கைபேசியுடன் கிணற்றடிக்குப் போய்விட்டேன். "தண்ணி எறைக்க வந்தியா, இல்ல செல்ல நீட்டிக்கிட்டு நிக்க வந்தியா?" என்றார் அப்பத்தா. "பேசாம எறைங்க அப்பத்தா, ஒங்க கொரலும் விழுந்துரும்" என்றேன். கப்பியிலிருந்து ஒரு சாண் தொலைவில் கைபேசியைப் பிடித்து இருபது முறை பதிவு செய்தேன். காற்றொலி விழாமல் இருக்கத் துண்டைச் சுற்றினேன்.

தொகுத்தது ஒரு பழைய மடிக்கணினியில். அரசின் விலையில்லாத் திட்டத்தில் என் அண்ணனுக்குக் கிடைத்தது. பெரிய தொகுப்பு மென்பொருள்களை அது தாங்காது. ஒலிக்கான 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளை எளிதாகத் தாங்கிற்று. கப்பி ஒலியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் அது சரியாக ஒரு ஸ்தாயி இறங்குகின்றது, கிறீச்சு முனகலாகின்றது. முதலில் அதன் அடியில் பூமி அதிர்வது போன்ற மிகத் தாழ்ந்த ஒலி ஒன்றையும் சேர்த்தோம். காதுபொறியில் கேட்டபோது நெஞ்சு நடுங்கிற்று. நண்பனின் கைபேசிக்கு அனுப்பிக் கேட்டபோது ஒன்றுமே இல்லை. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் அத்தாழ்ந்த ஒலிகளை எழுப்ப இயலாது. பார்ப்பவர்களோ பெரும்பாலும் கைபேசியில்தான் பார்க்கப் போகின்றார்கள். ஆதலால் அதனை நீக்கினோம். முனகலையும் குறைத்துக்கொண்டோம். கப்பியின் இயற்கைக் கிறீச்சு எந்தக் கைபேசியிலும் தெளிவாகக் கேட்டது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு நண்பன், சொற்களைத் தட்டினால் காட்சியையே ஆக்கித் தரும் செயலியில் எங்கள் பேயை வரவழைத்துக் காட்டினான். கல்மாளிகை, உயர்ந்த சாளரம், பனி மூட்டம், வெண்ணிற அங்கி. அழகாகத்தான் இருந்தது. அந்த அம்மையார் நம் கல்லூரி நூலகத்திற்கு வழி கேட்டு வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். பழைய ஓநாயின் உறவினர் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

புதிய முன்னோட்டத்தில் பேயே இல்லை. காலி நாற்காலி. பதிவேடு. புரளும் ஒரு பக்கம். பிறகு மூன்று நொடி முழு அமைதி. அதன்பின் கப்பி. இதனைத் துறை மன்றக் கூட்டத்தில் திரையிட்டோம். பரிசு என்று ஏதும் அங்கில்லை. யாரும் அலறவும் இல்லை. கப்பி முதல்முறை ஒலித்தபோது, முன்வரிசையில் இருந்த முதலாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து போய், தலைக்கு மேல் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்தார். எஞ்சிய நொடிகள் அந்த அமைதியிலேயே ஓடின.

எனவே கல்லூரி நிர்வாகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். மாணவர் குழுக்கள் இரண்டு மூன்று முறை வாடகைக்குக் கொட்டுகின்ற பணத்தில் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் ஓர் ஒலிவாங்கியும் வாங்கிவிடலாம். அவற்றை நூலகத்தில் வைத்து, நூலைப் போலவே அடையாள அட்டைக்கு ஒரு வாரம் என்று வழங்கலாம். திருப்பித் தராதவர்களுக்கு நூலுக்குள்ள அபராதமே இருக்கட்டும். வருகின்ற ஆண்டும் மரத்தடியில் குழுக்கள் கூடும். கருவி வாடகைக்குப் பணம் திரட்டும். பரோட்டாக் கடையில் வேலை செய்கின்ற வேறொருவன் தன் தேர்வுக் கட்டணத்தை எடுத்து நீட்டுவான். அவன் கையை அங்கேயே தடுக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

நண்பனுக்கு இன்னும் 1,200 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கின்றது. மாதம் இருநூறாகக் கொடுத்து வருகின்றோம். கப்பியின் இருபது பதிவுகளும் என் கைபேசியில் உள்ளன; வேண்டுவோர் வகுப்பிற்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். பதினான்காவது பதிவில் மட்டும் அப்பத்தாவின் இருமல் விழுந்திருக்கின்றது.