வீட்டுக் கம்ப்யூட்டரும் ஓர் எந்திரமே!

திருப்பூர் காதர்பேட்டை, பனியனுக்குப் பெயர் போன கடைவீதி. ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியூர் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகச் சரக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

அந்தச் சரக்கை உண்டாக்குவது எந்திரம். துணி பின்னும் எந்திரம், ஓவர்லாக் எந்திரம், தையல் எந்திரம் என்று ஊர் முழுவதும் எந்திரங்கள் ஓடுகின்றன. எந்திரத்தின் அருமையைத் திருப்பூர் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. வேலை முடிந்ததும் பஞ்சைத் துடைக்கிறார்கள். எண்ணெய் விடுகிறார்கள். ஊசி மழுங்கினால் மாற்றுகிறார்கள்.

ஆனால், அதே வீட்டின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அது நின்றுபோன பிறகுதான் எல்லோருக்கும் அதன் நினைவு வருகிறது.

இது சரியல்ல. கம்ப்யூட்டரும் ஓர் எந்திரம்தான். அதற்கும் பராமரிப்பு வேண்டும்.

அது நின்றால் என்ன நஷ்டம்? கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் குடும்பத்தின் கணக்கு அதில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பில் இருக்கிறது. மகளின் பாடம் இருக்கிறது. பாட்டியின் படமும், பேரனின் முதல் பிறந்த நாள் படமும் இருக்கின்றன. எந்திரத்தைக் கடையில் வாங்கலாம். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

பஞ்சுத் தூசி

கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது உள்ளே சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஒரு சிறு விசிறி உண்டு. விசிறி வெளிக்காற்றை இழுக்கும்போது தூசியும் சேர்ந்து வருகிறது.

பனியன் தைக்கும் வீட்டில் வெறும் தூசி மட்டும் அல்ல, பஞ்சும் நூல் பிசிறும் பறக்கின்றன. அவை விசிறியைச் சுற்றிப் படிந்து, மெத்தைபோல் ஆகிவிடுகின்றன. சூடு வெளியேற வழி இல்லை. உடனே கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. சூடு மேலும் ஏறினால் தானாக நின்றுவிடுகிறது. "பழசாகிவிட்டது" என்று தூக்கி எறியப்படும் கம்ப்யூட்டர்களில் சிலவற்றுக்கு வேண்டியது சுத்தம் மட்டுமே.

சுத்தம் செய்வது எப்படி? முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். பிளக்கையும் பிடுங்க வேண்டும். மூடியைத் திறந்து, மென்மையான, உலர்ந்த பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்ட வேண்டும். ஊதும் கருவி இருந்தால் விட்டு விட்டு ஊதலாம். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும்.

மின்சாரம் வரும் இரும்புப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை. வாரண்டி உள்ள கம்ப்யூட்டர் என்றால், திறக்கும் முன் விற்ற கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரையைத் துடைக்கப் பழைய பனியன் துணியே போதும். ஆனால் எந்திர எண்ணெய் பட்ட கழிவுத் துணி ஆகாது. துவைத்த, மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, லேசாகத் துடைக்கலாம். திரைமேல் நேராகத் தண்ணீர் தெளிக்கக் கூடாது.

லேப்டாப்பை மெத்தையின்மேல் வைத்து ஓட்டுவது தவறு. அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். ஒரு பலகையின்மேல் வைத்தால் போதும்.

திடீர் மின்தடை

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், எழுதியது போய்விடலாம். கம்ப்யூட்டரின் உள்ளே உள்ள ஹார்டு டிஸ்க்கும் கெடலாம். இதற்கு யு.பி.எஸ். என்ற பாட்டரிப் பெட்டி உதவும். அது பல மணி நேரம் ஓட்டுவதற்காக அல்ல. வேலையைச் சேமித்து, முறையாக நிறுத்த அவகாசம் தருவதற்காகவே. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நல்லது. தையல் எந்திரமும் கம்ப்யூட்டரும் ஒரே பிளக் பலகையில் தொங்கக் கூடாது.

வேகம் குறைந்தால்

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பல செயலிகள் கேட்காமலே எழுந்து ஓடும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் "ஸ்டார்ட்அப்" என்ற பகுதியில், தேவை இல்லாதவற்றை நிறுத்தி வைக்கலாம். பெயர் தெரியாததைத் தொட வேண்டாம்.

அப்போதும் நகராவிட்டால், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். அதில் சுழலும் தட்டு இல்லை. ஆகவே வேகம் அதிகம். புதிய கம்ப்யூட்டரைவிடச் செலவு குறைவு.

அவரவர் வசதிக்கு

சட்டையை ஆளுக்குத் தகுந்தபடி வெட்டுவதுபோல, கம்ப்யூட்டரையும் வீட்டுக்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளலாம். தாத்தாவுக்குக் கண் மங்கலா? செட்டிங்ஸ் பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்குத் திறந்துகொடுக்கலாம். கணக்கு வழக்கு உள்ள பகுதியில் அவர்கள் கை படாது.

தமிழில் எழுதவும் வசதி இருக்கிறது. 1999-ம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு "தமிழ் 99" விசைப்பலகையை ஏற்றது. 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம், ஆக 31 விசைகள். இவற்றைக் கொண்டே 247 எழுத்துகளையும் அடித்துவிடலாம். ஆங்கிலம் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை.

பூட்டும் காவலும்

2017-ம் ஆண்டு மே மாதம் "வானாகிரை" என்ற நாச வேலைச் செயலி சுமார் 150 நாடுகளில் பரவியது. கம்ப்யூட்டரில் இருந்தவற்றைப் பூட்டி வைத்து, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள்கூடத் தவித்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி 2 மாதம் முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டு இருந்தது. அதைப் போடாமல் தள்ளிப்போட்டவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். எனவே "அப்டேட்" என்று வந்தால் அலட்சியம் கூடாது.

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தம் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாத பழைய கம்ப்யூட்டரிலும், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு ஓட்டலாம்.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது" என்று யாராவது போன் செய்தால் நம்ப வேண்டாம். அவர்கள் சொல்லும் செயலியை ஏற்றவும் வேண்டாம். பணம் பறிபோனால் தாமதம் இன்றி 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

இன்னொரு பிரதி எங்கே?

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீ பிடித்தது. சுமார் 50 கடைகள் எரிந்தன. பாடுபட்டுச் சேர்த்த சரக்கு சாம்பல் ஆயிற்று.

அந்தத் தீ எல்லோருக்கும் ஒரு பாடம். கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அதே மேஜையின் இழுப்பறையில் வைப்பவர்கள் உண்டு. தீ வந்தால் இரண்டும் போகும். திருடன் வந்தாலும் இரண்டும் போகும்.

ஆகவே ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். கடைக் கணக்கின் பிரதி வீட்டில் இருக்கட்டும். வீட்டுப் படங்களின் பிரதி அண்ணன் வீட்டில் இருக்கட்டும். இணையத்தில் ஒரு பிரதி வைப்பதும் நல்லதே. பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

"இதெல்லாம் என்ஜினீயர் வேலை அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். தையல் எந்திரத்துக்கு எண்ணெய் விட என்ஜினீயரையா கூப்பிடுகிறார்கள்? கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர்களும் பெட்டியைக் கட்டிக் கொடுப்பதோடு நிற்கக் கூடாது. சுத்தம் செய்வதையும், பிரதி எடுப்பதையும் ஒருமுறை செய்து காட்ட வேண்டும். பள்ளிக்கூடங்களும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாம். பிள்ளை கற்றால் வீடே கற்கும்.

 ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தூசியை மகன் தட்டட்டும். பிரதியை மகள் எடுக்கட்டும். அந்தப் பிரதியை அப்பா கையோடு கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.