வண்ணம் வாங்குபவர் கண்ணுக்கு



தோட்டத்திலும் பட்டணத்திலும் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் நம் பெண்கள் பலர் இப்பொழுது இணையத்தளம் அமைத்து வியாபாரம் செய்ய முன்வந்திருக்கிறார்கள். முறுக்கு, மசாலைத் தூள், ரவிக்கைத் தையல், பூமாலை எல்லாமே கைப்பேசி வழியாக விலை போகின்றன. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. தளம் அமைத்துத் தருபவர், "என்ன கலர் போடட்டும்?" என்று கேட்பார். உடனே நமக்குப் பிடித்த சேலையின் நிறத்தைச் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் சேலை நாம் உடுத்துவது; தளமோ பிறர் வாசிப்பது. விலையையும் தொலைபேசி எண்ணையும் வாசிக்க முடியாதவர் நம்மிடம் வந்து குறை சொல்ல மாட்டார். பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நட்டம் நமக்குத்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு. இதற்கு உலக அளவில் ஒரு கணக்கு உண்டு. வெள்ளைமேல் கறுப்பு எழுத்து என்றால் வேறுபாடு 21 பங்கு, அதுவே உச்சம். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 பங்காவது வேண்டும் என்பது விதி. இதை வைத்து நம் வீட்டு வண்ணங்களை அளந்து பார்ப்போம். வெள்ளைமேல் பளிச்சென்ற மஞ்சள் எழுத்து ஒரு பங்கைச் சற்றே தாண்டும். எழுதியும் எழுதாதது போலத்தான். ஆரஞ்சு ஏறக்குறைய 2. பளீர்ச் சிவப்புகூட 4 பங்கோடு நின்றுவிடும். அரக்குச் சிவப்போ 10 பங்கைத் தாண்டும். கருநீலம் 16 பங்கு.

நல்ல காரியத்துக்குக் கறுப்பு எழுத்து வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கல்யாணப் பத்திரிகையில்கூட அதைத் தவிர்ப்பார்கள். அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மஞ்சளைப் பின்னால் வைத்து அரக்கை முன்னால் எழுதினால் மங்கலமும் கெடாது, எழுத்தும் தெளிவாகத் தெரியும். அந்த ஜோடிக்கும் 10 பங்கு வேறுபாடு கிடைக்கிறது.

பச்சைமேல் சிவப்பு எழுத்தை மட்டும் எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் உண்டு; பெண்களைவிட ஆண்களிடம் அது அதிகம். முகநூலைத் தொடங்கிய மார்க் சக்கர்பெர்க்கே அப்படிப்பட்டவர்தாம். தமக்கு நன்றாகத் தெரிவது நீலம் என்று அவரே சொல்லியிருக்கிறார். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் போவதால், முதியவர்களுக்கு நீல வகைகளைப் பிரித்தறிவதும் சிரமம்.

அடுத்தது, எத்தனை வண்ணம் என்பது. மூன்று போதும்: பின்புலத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, 'வாங்க' என்று அழுத்தும் பொத்தானுக்கு ஒன்று. அந்த மூன்றாவது வண்ணத்தை வேறெங்கும் போடக்கூடாது. அப்பொழுதுதான் கண் நேரே அங்கே போகும். மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் படத்திலேயே வண்ணத்தைக் கொண்டுவந்துவிடும். சுற்றிலும் அமைதியாக இருப்பதே அவற்றுக்கு அழகு.

நம் ஊரில் வாங்குபவர் தமிழர் மட்டுமல்லர் என்பதையும் மறக்கலாகாது. சீனப் பெருநாளுக்குச் சிவப்பு உறை கொடுப்பார்கள். துக்க வீட்டுக்கு வெள்ளை உறை. நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறையைக் காண்கிறோம். மலாய் அரண்மனை வழக்கில் மஞ்சள் அரச வண்ணம். பெருநாள் பலகாரம் விற்பவர் அந்தந்த வாரத்துக்கு ஒரு தோரணம்போல அந்த நிறத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கடையின் சொந்த வண்ணத்தை மாற்ற வேண்டாம்.

சொந்த வண்ணத்தின் மதிப்பை அறியப் பினாங்கிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் லீத் ஸ்திரீட்டில் சீனத் தொழிலதிபர் சியோங் ஃபாட் ஸீ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மாளிகை நிற்கிறது. அதன் சுவருக்கு அவுரி நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். நம் மழை நாட்டுக்கு ஏற்றது. பிற்காலத்தில் பாழடைந்து கிடந்த அந்த மாளிகையைப் புதுப்பித்தவர்களும் அந்த நீலத்தைக் கைவிடவில்லை. அந்தப் பணிக்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது. இன்று அது தங்கும் விடுதி. 'நீல மாளிகை' என்றால்தான் பலருக்குத் தெரிகிறது, வண்ணமே பெயராகிவிட்டது. மசாலைப் பொட்டலத்திலும் பெயர்ப்பலகையிலும் தளத்திலும் ஒரே வண்ணத்தை விடாமல் வைத்திருந்தால் நமக்கும் அது நடக்கும்.

வண்ணத்தை முடிவு செய்யுமுன் சோதித்துப் பாருங்கள். கூகள் நிறுவனமே ஏற்ற நீலத்தைக் கண்டுபிடிக்க 41 வகை நீலங்களைச் சோதித்ததாக 2009-இல் செய்தி வந்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். கைப்பேசியை நண்பகல் வெயிலில் பிடித்து, வீட்டிலிருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ விலையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்பொழுதும் எழுத்து தெரிய வேண்டும். இரண்டிலும் தேறாத வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள். தளம் அமைப்பவருக்குப் பணம் கொடுத்து முடிக்குமுன் இதைச் செய்வது நல்லது. பிறகு மாற்றச் சொன்னால் அதற்குத் தனியாக வெள்ளி கேட்கக்கூடும்.