கத்தலா? பாட்டா?

ராக், மெட்டல் பாட்டுன்னாலே "ஒரே கத்தல்"னு சொல்லிடுறாங்க. முழுசா கேட்டவங்க எத்தனை பேர்? தோழி சிபாரிசு செய்த மெட்டாலிகா குழுவின் 'ஒன்' (1988) பாட்டையே எடுத்துக்கொள்வோம். போரில் கை, கால், கண், காது எல்லாம் இழந்த சிப்பாயின் கதை. தொடக்கத்தில் கிட்டார் மெதுவாத்தான் வருது. போகப்போக டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கி மாதிரி வெடிக்குது. பேசவே முடியாதவன் வேறெப்படிக் கத்துவான்? அந்தச் சத்தம் எனக்கு நியாயமாப் படுது.

ஆனால் பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' (1971) 23 நிமிடம்! முதலில் பியானோவில் ஒற்றைச் சொட்டுபோல் விழும் ஒலி அருமை. நடுவில் காற்றும் ஊளையுமாக நீளுவதைக் குறைத்திருக்கலாம் (கணக்கு பீரியட் தோற்றது! சார் மன்னிக்கவும்). "பெரிய குழுவைக் குறை சொல்லாதே" என்கிறாள் தோழி. சிபாரிசு பண்ணினால் பிடிக்காததையும் கேட்டுக்கத்தானே வேணும்? அடுத்து ரஷ் குழுவின் '2112' கேட்கச் சொல்லியிருக்கிறாள். அதுவும் 20 நிமிடம்!

- 9ஆம் வகுப்பு மாணவி