சிக்கனம் யாருக்கு? ஆதாயம் யாருக்கு?



ஆண்டுதோறும் டிசம்பர் 14 வந்துவிட்டால் மின்வாரியத்துக்குச் சிக்கனத்தின் நினைவு வந்துவிடும். அன்று தேசிய எரிசக்தி சேமிப்பு நாளாம்! பேரணி, பதாகை, துண்டுப் பிரசுரம் என்று சென்னை வீதிகள் அமர்க்களப்படும். ஆள் இல்லாத அறையில் விளக்கை அணையுங்கள், நட்சத்திரக் குறியிட்ட சாதனம் வாங்குங்கள், ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள் என்று நமக்கு உபதேசம் நடக்கும்.

சொல்வது நல்ல விஷயம்தான். அதில் நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. 2001ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வருவதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வீண் விரயத்தைத் தடை செய்த மார்க்கம் இது. விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் (17:27) எச்சரிக்கிறது. இரு கைகளால் அள்ளும் அளவான ஒரு முத்துத் தண்ணீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்ததை புகாரியில் காண்கிறோம்.

நம் கேள்வி வேறு. சிக்கனமாக இருப்பவனுக்கு அதன் பலன் போய்ச் சேருகிறதா?

மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் ஐஸ் ஹவுஸிலும் ஒண்டுக் குடித்தனம் இருக்கும் நம் மக்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் நான்கு குடும்பங்கள். வாரியத்தின் மீட்டரோ ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டர் ஒன்று. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று அவர் வைத்ததுதான் விலை!

கணக்கைப் பாருங்கள்!

2022 செப்டம்பரில் உயர்த்திய கட்டணத்தையே எடுத்துக் கொள்வோம். 2024 ஜூலையில் அது மேலும் கூடியது தனிக்கதை. நான்கு குடும்பமும் இரண்டு மாதத்தில் தலா 150 யூனிட் எரிக்கின்றன. தனித்தனி மீட்டர் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். மீதி 50 யூனிட்டுக்கு ரூ.2.25 வீதம் குடும்பத்துக்கு ரூ.112.50 வரும். நான்குக்கும் சேர்த்து ரூ.450.

ஒரே மீட்டரில் இருந்தால் மொத்தம் 600 யூனிட் ஆகிவிடும். 500ஐத் தாண்டியதால் இரண்டாவது நூறு யூனிட்டின் சலுகை விலையும் பறிபோகும். பில் ரூ.2,750. வீட்டுக்காரர் எட்டு ரூபாய் வீதம் வசூலிப்பது ரூ.4,800!

நானூற்று ஐம்பது ரூபாயில் முடிய வேண்டிய செலவு நாலாயிரத்து எண்ணூறு ஆகிறது. கூடுதலாகப் போகும் பணத்தில் ரூ.2,300 வாரியத்துக்கு, ரூ.2,050 வீட்டுக்காரருக்கு. 2016ல் அறிவித்த 100 யூனிட் இலவசம் இந்த நான்கு குடும்பங்களில் எந்தக் குடும்பத்தின் கையில் கிடைத்தது?

இன்னும் ஒரு படி போவோம். வாரியத்தின் பிரசுரத்தைப் படித்த ஒரு தாய், மின்விசிறியைக் கூட அளந்து போட்டு 100 யூனிட்டில் குடும்பத்தை நடத்துகிறாள். தனி மீட்டர் இருந்தால் அவள் கட்ட வேண்டியது பூஜ்யம். இப்போது கட்டுவதோ ரூ.800! இவளிடம் போய் எந்த முகத்தோடு சிக்கனம் பேசுவது?

சிறு வியாபாரிகளின் நிலையும் இதுதான். கடைக்கு இலவச யூனிட் இல்லை. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் நிலைக்கட்டணம் நிற்காது. வணிக வளாகத்தில் வாடகைக்கு இருப்பவர் அங்கும் சப் மீட்டருக்குத்தான் தலைவணங்க வேண்டும்.

அரசே, பேரணி போதும்! குடியிருப்பு நெருக்கமான பகுதிகளில் முகாம் போடுங்கள். வாடகை ஒப்பந்தம் கையில் இருப்பவர்க்குத் தனி மீட்டர் பெறும் வழியை எளிதாக்குங்கள். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி தந்தது. மக்கள் அதை மறக்கவில்லை.

நம் வீட்டுக்காரர்களே!

அரசைக் கேட்டுவிட்டு உங்களைக் கேட்காமல் போனால் அது நீதியாகாது. அந்த வீட்டுக்காரர்களில் தொழுகையின் முதல் வரிசையில் நிற்பவர்களும் உண்டு. ஹஜ் செய்தவர்களும் உண்டு. அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று தொடங்கும் ஒரு அத்தியாயமே (83) குர்ஆனில் இருக்கிறதே, அது தராசு பிடிக்கும் காய்கறிக் கடைக்காரருக்கு மட்டும்தானா? வாங்கும்போது ஒரு விலை, ஏழையிடம் அளந்து விற்கும்போது இன்னொரு விலை. சப் மீட்டரும் ஒரு தராசுதான்!

"பில் கூடுதலாக வருகிறதே, நான் என்ன செய்ய?" என்பீர்கள். வந்த பில்லை அப்படியே நான்காகப் பங்கிடுங்கள். நம் உதாரணத்தில் யூனிட்டுக்கு ரூ.4.60 கூட ஆகாது. அதற்கு மேல் வாங்குவது உங்களுக்கு ஆகுமான காசா? தனி மீட்டருக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உங்கள் சொத்தில் ஒரு செங்கல் குறையுமா?

கேள்வி கேட்ட குடித்தனக்காரரின் கரண்டைப் பிடுங்குவதும் சில இடங்களில் நடக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது என்பதை இளைஞர்கள் அறிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வார்த்தை. தொழுகை முடிந்து பூட்டிய பள்ளியில் மின்விசிறி சுற்றுகிறது. மணமக்கள் வீட்டுக்குப் போன பிறகும் திருமண மண்டபத்தில் சீரியல் பல்பு விடிய விடிய எரிகிறது. இதைச் சரி செய்யாமல் நாம் வாரியத்தைக் கேள்வி கேட்டால் நம் சொல்லுக்கு வலு இருக்காது.

இளைஞர்களே! உங்கள் தெருவில் சப் மீட்டருக்குப் பணம் கட்டும் குடும்பங்களைப் பட்டியல் எடுங்கள். வீட்டுக்காரரிடம் முதலில் அழகிய முறையில் பேசுங்கள். ஜமாஅத் தலைவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சம்மதித்தால் தனி மீட்டருக்கு மனு எழுதிக் கொடுத்து, வாரிய அலுவலகம் வரை கூடவே போங்கள். ஒரு விதவைத் தாயின் பில்லில் எழுநூறு ரூபாய் குறைந்தால் அதுவும் சமுதாயப் பணிதான்.

விளக்கை நாம் அணைக்கிறோம். அதன் ஆதாயம் அணைத்தவன் கைக்கு வரட்டும்! அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம், இன்ஷா அல்லாஹ்.