கொசுவின் பரிணாமத்திலும் சாதி

திருச்சியில், திருவரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. அதே மாநகரின் அரியமங்கலம் பல பத்தாண்டுகளாக ஊரார் கொட்டிய குப்பையைச் சுமந்தது. அங்கே பெருகியவை எலியும் ஈயும் தெருநாயும். எந்த உயிரினம் எங்கே பெருகும் என்பதை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. கழிவை எங்கே கொட்டுவது என்று முடிவெடுப்பவர்களும் தீர்மானிக்கிறார்கள்.

அறிவியலும் இதையே சொல்கிறது. 1930-களில் அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் வரைபடத்தில் சிவப்பு வண்ணமிடப்பட்டு, வீட்டுக்கடனுக்குத் தகாதவை என ஒதுக்கப்பட்டன. மரங்கள் குறைந்து வெப்பம் மிகுந்த அப்பகுதிகளில் உயிரினங்களின் பரவலையும் பரிணாமத்தையும்கூட இனவெறி வடிவமைக்கிறது என்று கிறிஸ்டோபர் ஷெல் குழுவினர் 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வாதிட்டனர்.

நம் நாட்டில் அந்தக் கோட்டின் பெயர் சாதி. ஊரையும் சேரியையும் பிரித்த அதே மனப்பான்மைதான் வடிகால் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதையும் வகுக்கிறது. சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் இன்று புத்தூர் வழியே கழிவுநீரையும் சுமந்து செல்கிறது. கழிவு தேங்கிய நீரில் பெருகுவது யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு. வடிகால் அமைக்க வேண்டிய இடத்தில் அரசுகள் மருந்தடித்தன. டி.டி.டி.யைத் தாங்கிய கொசுக்கள் பிழைத்து இனம் பெருக்கின. இந்தியாவின் பல பகுதிகளில் அம்மருந்து இக்கொசுவிடம் பயனற்றுப் போனது. இது பரிணாமம்தான், அதற்கு வழிவகுத்தது நிர்வாகத்தின் புறக்கணிப்பு.

இதன் விலையை முதலில் தருவது தூய்மைப் பணியாளரின் உடல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள சிறு காயம் வழியே எலிக்காய்ச்சல் தொற்றுகிறது. சாக்கடைக்குள் மடிந்தோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பிக் காய்ச்சலில் இறப்பவர் எந்தக் கணக்கில் வருவார்?

தொற்று அபாயமுள்ள வேலையில் வரும் நோயைத் தொழில்சார் நோயாக ஏற்பது இழப்பீட்டுச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள கோட்பாடு. நோய் வேலையால் வரவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வேலை கொடுத்தவருடையதே. அதை ஒப்பந்தத் தொழிலாளர் வரை நடைமுறைப்படுத்தக் கோருவோம். வார்டுவாரியாக வடிகால் இல்லாத தெருக்கள், அங்கு வாழும் சமூகங்கள், காய்ச்சல் பதிவுகள் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் மாநகராட்சி வெளியிடட்டும். கொசு எங்கிருந்து வருகிறது என்பதை அந்த வரைபடமே காட்டிவிடும்.