கடலுக்கு எல்லையாகிய மணல்

வேதபகுதி: எரேமியா 5:22, உபாகமம் 27:17, மத்தேயு 7:24-27





சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்துப் புயல் ஒன்று ஓய்ந்த பிறகு, சென்னைக்கு வடக்கே உள்ள ஒரு மீனவக் கிராமத்துக்கு நம் சபையின் வாலிபர்களோடு சென்றிருந்தேன். அரிசி மூட்டைகளும் போர்வைகளும் கொண்டுபோனோம். கரையோரத்தில் ஒரு வரிசை வீடுகள் முழுவதையும் கடல் கொண்டுபோயிருந்தது. எஞ்சிய ஒரு சுவரில் சமையலறை அலமாரி மட்டும் அப்படியே நின்றது. பொருட்களைக் கொடுத்து முடித்ததும் ஜெபிக்கும்படி கேட்டார்கள். ஜெபத்துக்கு முன் சில வார்த்தைகள் சொல்ல எண்ணினேன். பல ஆண்டுகள் பிரசங்கித்துப் பழகிய நாவு, யோசியாமல் ஒரு வேதபகுதியை எடுத்துக்கொண்டது. கன்மலையின்மேல் வீடு கட்டியவனைப் பற்றியும் மணலின்மேல் வீடு கட்டியவனைப் பற்றியும் பேசினேன்.

கூட்டம் கலைந்தபின் வயது முதிர்ந்த ஒரு தாயார் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை, தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார். "ஐயா, நாங்க எல்லாரும் மணல்லதானே வீடு கட்டியிருக்கோம். அப்போ நாங்க புத்தி கெட்டவங்களா?"

எனக்கு விடை வரவில்லை. அந்தப் பகுதியைக் கிரேக்க மூலத்தில் வாசிக்க இறையியல் கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வீடிழந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் அதை எப்படி வாசிப்பது என்பதை நான் கற்றிருக்கவில்லை. அன்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடே வந்தது. இந்த வாரத் தியானம் அந்தத் தாயாருக்கு நான் கொடுக்க வேண்டிய, தாமதமான விடை.

முதலாவது, வேதாகமம் மணலைக் குறித்து ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லவில்லை. எரேமியா தீர்க்கதரிசியின் ஐந்தாம் அதிகாரத்தில் கர்த்தர் தம்முடைய வல்லமையைக் குறித்துப் பேசுகிறார். கடல் கடந்துவராதபடி அதற்கு நித்திய எல்லையாகத் தாம் நியமித்தது எது என்று அங்கே சொல்லுகிறார். கன்மலையை அல்ல, மணலையே அவர் குறிப்பிடுகிறார். அலைகள் கொந்தளித்தாலும் அந்த எல்லையை மேற்கொள்ளமாட்டா என்கிறார். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிப்போகும் மணலையே சிருஷ்டிகர் சமுத்திரத்துக்குத் தடையாக வைத்தார்.

கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அலை அடிக்கும்போது அகன்ற மணற்பரப்பு அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பின்னால் உள்ள மணல்மேடு புயற்காலத்தில் தன்னிடமுள்ள மணலைக் கடலுக்குக் கொடுத்து, அமைதியான மாதங்களில் திரும்பப் பெற்றுக்கொள்ளும். அந்த மேட்டின்மேல் படரும் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் காற்றில் வரும் மணலைப் பிடித்து நிறுத்தும். மணலில் வீடு கட்டிய அந்தக் கிராமத்தின் முன்னோர் மதியீனர் அல்லர். கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் வலை உலர்த்தவும் படகுகளை ஏற்றி வைக்கவும் போதுமான வெளியை விட்டே அவர்கள் கட்டினார்கள்.

அப்படியானால் அந்த வெளி எங்கே போயிற்று?

நமது கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் அதை வடக்கு நோக்கித் தள்ளிச் செல்லுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் மணல் வடக்கே நகர்கிறது. அது கரையோரமாக ஓடும் ஓர் ஆறு என்றே சொல்லலாம். அந்த ஆற்றின் குறுக்கே கடலுக்குள் ஒரு கற்சுவரை நீட்டினால், தெற்கே மணல் குவியும்; வடக்கே கரை பட்டினி கிடக்கும்.

சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டும் வேலை 1870-களின் நடுவில் தொடங்கியது. அதற்கு முன் இப்போதைய மெரினாச் சாலையின் அருகே வரை கடல் இருந்தது. சுவர்கள் எழுந்தபின் தெற்கே மணல் சேர்ந்தது. 1884-இல் கடற்கரை உலாச்சாலை அமைக்கப்பட்டு, மெரினா என்று பெயர் பெற்றது. அதே காலந்தொட்டு துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்துகொண்டே வந்தது. தெருக்களும் கோயில்களும் மீனவர் குடியிருப்புகளும் கடலுக்குள் போயின. பல ஆண்டுகள் கற்கள் கொட்டியும், 2004 வாக்கில் தூண்டில் வளைவுகள் அமைத்துமே அங்கே எஞ்சியதைக் காக்க வேண்டியதாயிற்று.

பிரியமானவர்களே, ஞாயிறு மாலைகளில் நம்மில் பலர் குடும்பத்தோடு மெரினாவில் அமர்கிறோம். பிள்ளைகள் மணல்வீடு கட்டி விளையாடுகிறார்கள். நாம் அமர்ந்திருக்கும் அந்த மணலில் ஒரு பகுதி வடசென்னையின் மீனவக் குப்பங்களுக்குப் போய்ச்சேர வேண்டிய மணல். நாம் ஒருவரும் அதைத் திருடவில்லை என்பது மெய்யே. ஆயினும் அதன் பலனை நாமே அனுபவிக்கிறோம்.

பிறனுடைய எல்லைக்குறியை ஒதுக்கி வைக்கிறவன்மேல் உபாகமத்தில் சாபம் கூறப்படுகிறது. ஜனங்கள் எல்லாரும் அதற்கு ஆமென் சொல்ல வேண்டும் என்றும் கட்டளையிடப்படுகிறது. கர்த்தர் கடலுக்கு வைத்த எல்லைக்குறி மணலாக இருக்குமானால், அயலானுடைய வாசலிலிருந்து அந்த மணலைத் தடுத்து நிறுத்துவதும் எல்லைக்குறியை நகர்த்துவதே அல்லவா? அதற்கும் நாம் ஆமென் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். சபையார் சிலர் நேரிலேயே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"கடல் முழங்குவது கடைசிக் காலத்தின் அடையாளம், ஐயா" என்பது முதலாவது. நம்முடைய ஆண்டவர் அப்படிச் சொன்னது உண்மை. அதை நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் துறைமுகச் சுவருக்கு வரைபடம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, திறப்பு விழாவும் உண்டு. ஆறுகளின் அணைகளில் மணல் தேங்குவதும், ஆற்றுப் படுகைகளில் இரவும் பகலும் மணல் அள்ளப்படுவதும் மனிதர் செய்கிற காரியங்கள். பூமி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்வதும் அப்படியே. நாம் செய்ததைத் தேவனுடைய கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது. அது அவருடைய நாமத்தை வீணில் வழங்குவதாகும்.

"இது அரசாங்கத்தின் வேலை, சபைக்கு இதில் என்ன இருக்கிறது?" என்பது இரண்டாவது. சுவர் கட்டுவதும் நிலம் ஒதுக்குவதும் அரசின் வேலைதான். அயலான் யார் என்ற கேள்விக்கோ நம்முடைய ஆண்டவர் ஒரு பாதையோரத்தில் விடை கொடுத்திருக்கிறார். அந்தப் பாதையில் விலகிப்போன இருவரும் ஆலயப் பணியில் இருந்தவர்கள் என்பதை ஒரு போதகனாகிய நான் மறக்கக்கூடாது.

ஆகவே, கடலரிப்புக்கு உள்ளான ஒரு கிராமத்துக்கு நாம் எப்படி உதவ வேண்டும்? என் கருத்தைத் தாழ்மையோடு முன்வைக்கிறேன்.

நமக்குத் தெரிந்த உதவி அரிசி மூட்டை. அது தேவை, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் மூட்டை தீர்ந்தபின்னும் கடல் அங்கேயே இருக்கிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை ஆராய்ந்து, இந்தியாவின் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது என்றும், தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 43 விழுக்காடு என்றும் கண்டிருக்கிறது. ஒரு புயலின் நிவாரணத்தோடு முடிகிற காரியம் அல்ல இது. ஒரு தலைமுறைக்காவது உடனிருக்க வேண்டிய காரியம்.

அங்குள்ளவர்கள் பெரும்பாலும் கேட்பது கற்சுவர் அல்லது தூண்டில் வளைவு. அலை வாசலுக்கு வந்துவிட்ட ஒருவரிடம் கல் வேண்டாம் என்று சொல்ல, உலர்ந்த தரையில் இருக்கும் எனக்கு உரிமை இல்லை. அவசரத்துக்குக் கல் வேண்டியிருக்கலாம். ஆயினும் உண்மையை அன்போடு சொல்ல வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. கரையோரமாகக் கொட்டிய கல் வீட்டைக் காக்கும். அதற்கு முன்னால் உள்ள மணலைக் காக்காது. மணல் போனால் படகு ஏற்ற இடம் இராது; கரைவலை இழுக்க முடியாது. தூண்டில் வளைவு இந்த ஊரில் சேர்த்துக் கொடுக்கும் மணல், வடக்கே உள்ள அடுத்த ஊருக்கு வரவேண்டியது.

புதுச்சேரி நமக்கு ஒரு பாடம். 1980-களின் பிற்பகுதியில் அங்கே துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டபின் நகரத்தின் கடற்கரை மறைந்து கருங்கற்களே எஞ்சின. அரிப்பு வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள மீனவக் கிராமங்களையும் தொட்டது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விடும் ஏற்பாடு அந்தத் துறைமுகத்தின் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நிறைவேற்றப்படவில்லை. பின்னர், 2018-இல் நீருக்கடியில் ஆப்பு வடிவ அமைப்பு ஒன்று வைக்கப்பட்டது. நகரத்தின் கரையில் ஒரு பகுதிக்கு மணல் திரும்பி வந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிள்ளைகள் அங்கே மணலில் கால் வைத்தார்கள். கல்லைக் குவிப்பது ஒன்றே வழி அல்ல என்பதும், மணலைத் திரும்பக் கொடுக்க முடியும் என்பதும் இதனால் விளங்குகின்றன.

ஆகையால் நம் சபை செய்யக்கூடிய முதல் உதவி, அக்கம்பக்கத்து ஊர்களை ஒரே பாயில் உட்கார வைப்பது. எங்கள் ஊருக்குச் சுவர் கிடைத்தால் போதும் என்று ஒவ்வொரு ஊரும் தனித்தனியே மனுக் கொடுத்தால், கடைசி ஊர் கடலுக்குப் போகும். தெற்கே குவிந்த மணலை வடக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று எல்லா ஊர்களும் சேர்ந்து கேட்டால் அது நீதியான விண்ணப்பமாகும். அந்தக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்களோடு மீன் விற்கும் பெண்களும் பேச வேண்டும். கரை போனால் கருவாடு உலர்த்தும் இடத்தை முதலில் இழப்பவர்கள் அவர்களே. நம் சபையில் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர்களும் இருக்கிறார்கள். மனு எழுதவும் வரைபடத்தை வாசித்துச் சொல்லவும் உங்கள் தாலந்துகள் அங்கே வேண்டும்.

சில இடங்களில் ஊரே பின்வாங்க வேண்டிய நாள் வரலாம். அதைச் சொல்லவே மனம் கனக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் கரையிலிருந்து தள்ளி வீடுகள் கொடுக்கப்பட்டபோது, பலர் கடலைப் பார்க்க முடியாத வீட்டில் வாழத் தெரியாமல் தவித்ததைக் கண்டோம். மீனவர் காலையில் எழுந்து கடலின் நிறத்தைப் பார்த்தே அன்றைய தொழிலைத் தீர்மானிக்கிறார். எனவே பின்வாங்குவதானால் ஊர் முழுவதும் ஒன்றாக, நடந்துபோகும் தூரத்துக்குள் போக வேண்டும். அவர்கள் விட்டுவந்த கரை அவர்களுடைய பொதுப் புழக்கத்திலேயே இருக்க வேண்டும். மீனவருக்கு ஆபத்தான இடம் என்று காலி செய்த கரையில் பிறகு ஒரு கேளிக்கை விடுதி எழுமானால், அது நாபோத்தின் திராட்சத்தோட்டமே. அப்போது சபை மௌனமாயிருக்கக்கூடாது.

கடைசியாக நம்மைக் குறித்து ஒரு வார்த்தை. நம்முடைய ஆலயத்தை விரிவுபடுத்தியபோது லாரி லாரியாக ஆற்று மணல் வந்து இறங்கியது. விலையைக் கேட்டோம், எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கடலுக்குப் போய்க் கரையாக வேண்டிய மணலில் கொஞ்சம் நம் சுவர்களுக்குள்ளும் இருக்கக்கூடும். இனிமேல் எந்தக் கட்டடப் பணியானாலும் கட்டடக் குழு அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்குத் திரும்புகிறேன். மத்தேயு ஏழாம் அதிகாரத்தை மறுபடியும் நிதானமாக வாசித்தேன். கன்மலையும் மணலும் அங்கே உவமைகள். இருவருக்கும் உள்ள வேறுபாட்டை நம்முடைய ஆண்டவரே வெளிப்படையாகச் சொல்லுகிறார். இருவரும் அவருடைய வார்த்தைகளைக் கேட்டார்கள். ஒருவன் கேட்டபடி செய்தான், மற்றவன் செய்யவில்லை. புத்தியில்லாதவன் என்ற பெயர் கேட்டும் செய்யாதவனுக்கே உரியது. அம்மா, அந்த வசனம் உங்களுக்கு அல்ல; வாரந்தோறும் உறுதியான கட்டடத்தில் அமர்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற எங்களுக்கு உரியது.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின், அந்தக் கிராமத்திலிருந்து சிலர் நம்மிடம் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார்கள். அன்று நான் பிரசங்கிக்கப் போவதில்லை. அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்போம். அந்தத் தாயாரையும் அழைத்திருக்கிறேன்.

ஜெபிப்போம்: சமுத்திரத்தையும் வெட்டாந்தரையையும் உண்டாக்கின ஆண்டவரே, நீர் வைத்த எல்லையை நாங்கள் கலைத்ததை எங்களுக்கு மன்னியும். எங்கள் அயலாரின் வீட்டு வாசலைக் காத்தருளும். கேட்டதைச் செய்ய எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்